பூட்டியிருந்த இடதுகைப் பட்டன்

கண்ணாடிக்குள் இருந்த ஆள் ஆவுடையப்பனைக் கொலை செய்யப் பார்த்தான். கையில் ரேசர், கண்ணில் தூக்கக் கலக்கம். வலது தாடைக்குப் போகிறேன் என்று புறப்பட்ட ரேசர் வழியில் மனம் மாறிக் காதோரம் போய் நின்றது. ரத்தம் எட்டிப் பார்த்தது.

அந்த ஆளும் அவர்தான், ரேசரும் அவருடையதுதான். கை மட்டும்தான் புதுசு. சவரக்கத்தி பிடித்துப் பழகாத இடது கை.

குற்றப்பிரிவில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்று, தென்காசியில் நன்னாரி சர்பத் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் ஆவுடையப்பன். பேருந்து நிலையத்தில் ஒரு செல்போன் திருடனை விரட்டும்போது வாழைப்பழத் தோல் வழுக்கி விழுந்து, வலது கையில் முழங்கை தொடங்கி விரல் வரை மாவுக்கட்டு. ஓடிய திருடன் திரும்பி வந்து, திருடின போனிலேயே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டுப் போனான் என்பது ஊர் சிரித்து முடித்த கதை.

கட்டுப் போட்ட நாளிலிருந்து சொந்த வீடே அவருக்கு அந்நியமாகிவிட்டது. பற்பசை மூடியைத் திறக்கப் பல், ஷாம்பு பாக்கெட்டைக் கிழிக்கப் பல். துண்டைப் பிழிய முடியாது. இடது கை நகத்தை வெட்ட முடியாது. சட்டை போட்டால் இடது மணிக்கட்டுப் பட்டன் நாள் முழுக்கத் திறந்தே தொங்கும். அதைப் பூட்ட வலது கை வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஆள் வேண்டும். மனைவி வள்ளித்தாய் போய் மூன்று வருஷமாகிறது. தனிமை பழகிப் போய்விட்டது என்றுதான் அவர் இதுவரை நினைத்திருந்தார்.

"அண்ணாச்சி, மூஞ்சில என்ன குங்குமமா?" என்று கேட்டுக்கொண்டே படியேறி வந்தாள் மஞ்சு. அவருடைய உதவியாளர். வாய்க்குப் பூட்டு கிடையாது.

"சவரம் பண்ணுனேன்."

"தன் கையே தனக்கு உதவின்னு சொன்னவன் எந்தக் கைன்னு சொல்லாமப் போய்ட்டான் பாத்தியளா! என்கிட்ட படிச்சிருக்கலாம்லா?"

மஞ்சு பிறவியிலேயே இடதுகைக்காரி. சின்ன வயதில் அவள் அம்மா அகப்பையால் அடித்துத் திருத்தியதில் சோறு மட்டும் வலது கைக்கு மாறியது. எழுத்து, சீப்பு, ஸ்கூட்டர் சாவி, மற்றதெல்லாம் இன்னும் இடது கைதான்.

"கெளம்புங்க. அலிமாக்கா போன் பண்ணுனாக. வெளிநாட்டுலருந்து வந்த அவுக தம்பியக் காணோமாம். நாளைக்கு அவரு பிள்ளைக்கு நிக்காஹ்!"

*

அலிமாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தம்பி மசூதின் மனைவி இறந்த பிறகு, அவர் மகள் பாஹிமாவைத் தன் பிள்ளையாக வளர்த்தவர். மசூது பதினோரு வருஷம் கழித்துப் போன ஞாயிற்றுக்கிழமைதான் வளைகுடாவிலிருந்து வந்தார். நேற்றுக் காலை, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். போன் அணைந்து கிடக்கிறது.

"மதியம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சாப்பாட்டுக்கு வாராக, அண்ணாச்சி. சம்பந்தி ரெண்டு பேரும் ஒரே சஹன்ல ஒக்காரணும். இவன் இல்லன்னா அவுக என்ன நெனைப்பாக? தகப்பனுக்கே இந்தக் கலியாணம் பிடிக்கலன்னுதான நெனைப்பாக? எந்திரிச்சுப் போயிட்டாகன்னா எம்பிள்ள கதி?" என்றார் அலிமா.

சஹன் என்பது அகலமான பெரிய தட்டு. விருந்து என்றால் அதைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஒரே சோற்றில் கை வைத்துச் சாப்பிடுவார்கள்.

"இவரு வந்ததுலருந்து எப்படி இருந்தாரு?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

"வயித்துப்புண்ணுன்னு சொல்லி ஒரு நாளு கூட எங்க கூட ஒக்காந்து திங்கல. கஞ்சிய டம்ளர்ல வாங்கிக்கிட்டு ரூமுக்குள்ள போயி கதவப் பூட்டிக்கிடுவான். யாராவது கை குடுத்தா நெஞ்சுல இடது கைய வெச்சு சலாம் சொல்லிருவான். வலது கையில எந்நேரமும் தஸ்பீஹ் மணி. ரொம்பத் தொழுகையாளி ஆயிட்டான்னு நான் சந்தோசப்பட்டேன்."

மசூதின் அறை மாடியில் இருந்தது. மஞ்சு உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, குளியலறை வாசலில் நின்று கையைத் தட்டினாள்.

"அண்ணாச்சி, கேஸ் முடிஞ்சுது. பிரஷ்ஷு, சோப்பு, ரேசர் எல்லாம் இடது பக்கம். கப்போட காது இடது பக்கம். இது எங்க ஆளு ரூமு! அலிமாக்கா, ஒங்க தம்பி இடதுகைக்காரரா?"

"இல்லியே. அவனுக்குச் சோத்துக்கைதான் எல்லாத்துக்கும்."

"அப்போ வந்தது மசூது இல்ல. வேற எவனோ!"

"யா அல்லா!" என்று அலிமா சுவரைப் பிடித்தார். மறுகணமே நிமிர்ந்தார். "ஏட்டி, எந்தம்பிய எனக்குத் தெரியாதா? நான் தள்ளிவிட்டு விழுந்து புருவத்துல வாங்குன தழும்பு இருக்கு. தொட்டுப் பாத்துத்தான் முத்தம் குடுத்தேன்."

"கேஸ் தொறந்துருச்சு," என்றாள் மஞ்சு, கொஞ்சமும் வெட்கப்படாமல்.

ஆவுடையப்பன் குளியலறைக்குள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பற்பசைக் குழாய் நடுவில் நசுங்கியிருந்தது. ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் பல் தடம். ரேசர் பக்கத்தில் ரத்தம் தொட்ட பஞ்சு. துண்டு குழாயில் ஒரு சுற்றுச் சுற்றி, முறுக்கிப் பிழிந்தபடியே காய்ந்திருந்தது. அட, இப்படியும் பிழியலாமா என்று அவருக்குத் தோன்றியது. தனக்கு இது தோன்றாமல் போனதே என்று சின்ன வருத்தம்கூட வந்தது.

ஜன்னல் கட்டையில் ஒரு நகவெட்டி. அகலமான டேப் போட்டு அசையாமல் ஒட்டியிருந்தது.

"மஞ்சு, ஒனக்கு நகம் வெட்டணும்னா இப்படி ஒட்டி வெப்பியா?"

"எதுக்கு? இந்தக் கை நகத்த அந்தக் கை வெட்டிட்டுப் போவுது."

"அதான். இவரு ஒங்கட்சி இல்லட்டி. எங்கட்சி." அவர் தன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "அலிமா, போட்டோ இருக்கா? வந்ததுலருந்து எடுத்தது எல்லாம் வேணும்."

அலிமா போனை நீட்டினார். விமான நிலைய வாசலில் மசூது, வீட்டு முற்றத்தில் மசூது, பள்ளிவாசல் படியில் மசூது. எல்லாவற்றிலும் முழுக்கைச் சட்டை, எல்லாவற்றிலும் வலது கையில் தஸ்பீஹ். ஆவுடையப்பன் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தார். மணிக்கோவையின் பச்சைக் குஞ்சம் எல்லாப் படத்திலும் அதே இரண்டு விரலுக்கு நடுவில் தொங்கியது. கட்டைவிரல் அடியில் அதே மணி.

"ஓதுதவன் மணிய உருட்டாமலா இருப்பான்?" என்று முணுமுணுத்தார்.

மஞ்சுவின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "அண்ணாச்சி... அது கை இல்லியா?"

"சத்தம் போடாத. தெரு முனையில மருந்துக்கடை கேமரா இருக்கு. நேத்து காலைல பதிஞ்சத வாங்கிட்டு வா."

அவள் போன வேகத்தில் திரும்பினாள். படம் அவள் போனில் ஓடியது. மசூது தெரு முனைக்கு வருகிறார். இடது தோளில் பை, வலது கையில் தஸ்பீஹ். இடது கையை உயரத் தூக்கி ஆட்டோவை நிறுத்துகிறார். ஏறிப் போய்விடுகிறார்.

"தனியாத்தான் போயிருக்காரு. யாரும் கடத்தல. நமக்கு ஒரு கடத்தல் கேஸ் கூட வாய்க்கல," என்றாள் மஞ்சு.

"திரும்பப் போடு. கையத் தூக்குத எடத்துல நிறுத்து."

நிறுத்தினாள். ஆவுடையப்பன் தன் இடது கையை அதே மாதிரி உயர்த்தினார். பட்டன் பூட்டாத சட்டைக் கை முழங்கை வரை வழுக்கி இறங்கியது. படத்தில் மசூதின் சட்டைக் கை மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது.

"பட்டன் போட்டிருக்காரு," என்றாள் மஞ்சு.

"எந்தக் கையால?"

மஞ்சு தன் மணிக்கட்டை வாயருகே கொண்டுபோனாள். "பல்லால?"

"தன் மணிக்கட்டுப் பட்டனப் பல்லால போட முடியாது. மூணு வாரமா மல்லுக்கட்டிட்டேன்."

"முதல்லயே போட்டுட்டு கைய நொழைச்சா?"

"நொழைச்சேன். தையல் பிரிஞ்சுது. நல்ல சட்டை." ஆவுடையப்பன் போனை அவளிடம் கொடுத்தார். "இன்னொருத்தர் போட்டுவிட்டாத்தான் உண்டு. வீட்டுல அவரத் தவிர ரெண்டே பேரு. ஒருத்தங்க நம்மளக் கூப்பிட்டு விட்டிருக்காக."

*

பாஹிமா கீழ் அறையில் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மருதாணி இன்னும் ஈரமாக இருந்தது.

"வாப்பாவுக்குப் பட்டன் போட்டுவிட்டது நீதானம்மா?" என்றார் ஆவுடையப்பன் மெதுவாக.

அவள் மறுக்கவில்லை. கண்ணீர் பொலபொலவென்று இறங்கியது. துடைக்கக் கை இல்லை. அலிமா ஒன்றும் புரியாமல் போய்த் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தார்.

"வந்த அன்னைக்குத் தண்ணி குடுக்கப் போனேன் மாமி. சட்டையக் கழத்த முடியாம வாப்பா நின்னுக்கிட்டு இருந்தாக. அங்கன வேலைல மிஷின்ல மாட்டி வலது கை போயிருச்சாம். ஒரு வருசத்துக்கு மேல ஆச்சாம். போன்ல நம்ம மொகத்தத்தான பாத்தோம்? இப்போ மாட்டியிருக்கது ரப்பர் கை."

அலிமா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏட்டி, என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லாதன்னு கேட்டுக்கிட்டாக. எனக்கு வாப்பான்னா போன்ல வார மொகந்தான். நான் கேட்டதெல்லாம் அனுப்பியிருக்காக. அவுக என்கிட்ட வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான். எப்படி மாட்டேன்னு சொல்லுவேன்?" அவள் விம்மினாள். "ஒரே சஹன்ல ஒக்காரணும்னு மாப்பிள்ளை வீட்டுலருந்து சொல்லி விட்டதும் ரொம்பப் பயந்துட்டாக. விருந்து கழிஞ்சு நாளைக்கு விடியமுன்ன வந்துருதேன்னாக. என்கூடப் படிச்ச சுஜிதா வீட்டு லாட்ஜு குத்தாலத்துல இருக்கு. நான்தான் ரூம் சொன்னேன். நேத்து சாயங்காலம் வரைக்கும் பேசுனாக. இப்போ போனே எடுக்கல."

"மஞ்சு, ஸ்கூட்டர எடு," என்றார் ஆவுடையப்பன்.

*

அருவியில் தண்ணீர் இல்லாத மாதங்களில் குற்றாலத்துக்கு யாரும் வருவதில்லை. கடைகளில் பாதி சாத்திக் கிடந்தது. எண்ணெய்க் குளியலுக்கு ஆள் பிடிக்கிறவர்கள் கூடத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாறை மொட்டையாக நிற்க, குரங்குகள் பறிப்பதற்குப் பொட்டலம் இல்லாமல் சாலையோரம் உட்கார்ந்திருந்தன.

லாட்ஜில் மொத்தத்தில் ஒரே ஒரு அறையில்தான் ஆள். கதவைத் தட்டியதும் உள்ளே ஏதோ அவசரமாக நகர்ந்தது. பிறகு தாழ் விலகியது.

மசூது நின்றார். நரைத்த தாடி, புருவத்தில் தழும்பு. மேசையில் புரோட்டா பொட்டலம் திறந்து, ஒரு விள்ளல் பிய்ந்து கிடந்தது. கட்டிலில் பை. அதன் ஜிப் பாதிவரை ஏறி நின்றுவிட்டிருந்தது. அவர் வலது கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஆவுடையப்பன் மாவுக்கட்டை முன்னால் கொண்டுவந்தார்.

"ஒங்க அக்கா அனுப்புனாக. துண்டக் குழாயில சுத்திப் பிழியலாம்னு ஒங்க ரூமுலதான் படிச்சேன். ரொம்ப நன்றி."

மசூதின் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்து நின்றது. "ஒங்களுக்கு என்ன, அண்ணாச்சி? இன்னும் கொஞ்ச நாளுல கட்டப் பிரிச்சிருவாக."

ஆவுடையப்பன் மாவுக்கட்டைக் கீழே இறக்கினார். உண்மைதானே. மஞ்சு வராந்தாவிலேயே நின்றாள்.

"பை கட்டி வெச்சிருக்கியளே. விடியமுன்ன வீட்டுக்கு வாரதா மககிட்டச் சொன்னியளாமே?" என்றார் ஆவுடையப்பன்.

"போகல. திருவனந்தபுரம் போயி அங்கன இருந்து பிளேன் ஏறிரலாம்னு இருக்கேன்." மசூது ஜன்னலைப் பார்த்துப் பேசினார். "எங்க வழக்கத்துல தகப்பன் மாப்பிள்ளை வலது கையப் பிடிச்சு, எம்மகள உனக்கு நிக்காஹ் செய்து தந்தேன்னு சொல்லணும். அந்தப் பையன் ஒரு ரப்பரையா பிடிக்கணும்? நான் இல்லன்னா நிக்காஹ் ஓதுத ஹஜ்ரத்து பாத்துக்கிடுவாரு. கை இல்லாத தகப்பன் வந்து நிக்கதுக்கு, வராத தகப்பனா இருந்துட்டுப் போயிரலாம். அது பழகுனதுதான அவளுக்கு?"

ஆவுடையப்பன் கட்டிலில் உட்கார்ந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை.

"நீங்க கதவப் பூட்டிக்கிட்டுத் திங்குதிய. எவனாவது பாத்துருவான்னு. என் வீட்டுல நான் பூட்டுததே இல்ல. தொறந்து போட்டாலும் எட்டிப் பாக்க ஆளு கெடையாது. பட்டன் தொங்குதேன்னு சொல்ல ஒரு நாதி இல்ல எனக்கு. ஒங்களுக்கு ஒண்ணுக்கு ரெண்டு பேரு இருக்காக. அவுகளுக்குப் பயந்து ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிய."

மசூது திரும்பிப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தமும், படியில் தடதடவென்று ஏறிவரும் சத்தமும் கேட்டன.

அலிமா உள்ளே வந்தார். அழுவார் என்று ஆவுடையப்பன் எதிர்பார்த்தார். அலிமா நேரே மேசைக்குப் போய்ப் பொட்டலத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆறிப்போன புரோட்டாவத் திங்குதான் பாரு! ஊருக்குப் பூரா அங்கன சோறு ஆக்கி வெச்சிருக்கேன்." அப்புறம்தான் குரல் உடைந்தது. "ஏலே, ஒனக்குச் சோறு ஊட்டுனது என் கைதானலே? அது ரெண்டும் நல்லாத்தான இருக்கு? ஒரு வார்த்த என்கிட்ட சொல்லக்கூடாதா?"

பாஹிமா காய்ந்த மருதாணியோடு வாசலில் நின்றாள். "வாங்க வாப்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மசூது இடது கையால் வலது சட்டைக் கையை மேலேற்றி, ரப்பர் கையைக் கழற்றிப் பைக்குள் போட்டார். பாதியில் நின்ற ஜிப்பை மஞ்சு இழுத்து மூடினாள்.

*

தென்காசியில் பந்தல் நிறைந்திருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் மைதீன் பிச்சை, புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரர். அவர் சத்தம் போட்டால் லாரி நிற்கும் என்பார்கள். மசூது வந்ததும் எழுந்து வந்தவர், தொங்கிய வெற்றுச் சட்டைக் கையைப் பார்த்து அப்படியே நின்றார்.

"எப்போ?" என்றார்.

"போன வருசம்," என்றார் மசூது. "முன்னாலயே சொல்லியிருக்கணும் சம்பந்தி. தப்புதான்."

மைதீன் பிச்சை தாடியைத் தடவிக்கொண்டு போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அலிமாவின் முகம் வெளுத்தது. தைரியத்தை விடாமல் பந்தல் ஓரத்தில் தனியாக ஒரு சஹன் வைக்கச் சொன்னார். அதில் இரண்டு கரண்டி.

"அண்ணாச்சி, நீங்களும் இவனும் இதுல ஒக்காருங்க. ஒடம்புக்கு முடியாதவங்க இடது கையால திங்கதுக்கு அல்லா விலக்கு வெச்சிருக்கான்."

"எங்க அண்ணாச்சி வீட்டுல சைவம், டூட்டியில அசைவம்," என்று மஞ்சு பெண்கள் பக்கத்திலிருந்து சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை.

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சோற்றின் மேல் ஆட்டிறைச்சி பெரிய பெரிய துண்டுகளாக இருந்தது. கரண்டியால் குத்தினால் நகர்ந்தது, பிய்யவில்லை. மசூது இரண்டு தடவை முயன்றுவிட்டு வெறும் சோற்றை அள்ளத் தொடங்கினார். பந்தலே பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று ஆவுடையப்பன் மனதுக்குள் நொந்துகொண்டார்.

அவர்களுக்கு நடுவில் ஒரு நிழல் விழுந்தது. மைதீன் பிச்சை.

"அங்கிட்டு நகருங்க."

உட்கார்ந்தார். "சம்பந்தி, நீரு என்னத்துக்கு மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கேரு? ஒம்ம மக என் வீட்டுக்கு வாரா. நான் இன்னொருத்தன்கூட ஒக்காந்து திங்கவா வந்தேன்? நாளைக்கு மாப்பிள்ளை கைய ஹஜ்ரத்து பிடிக்கட்டும். தந்தேன்னு சொல்லுத வாயி ஒம்மதா இருக்கணும். விளங்குதா?"

மசூது தலையை ஆட்டினார்.

மைதீன் பிச்சை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, வலது கையால் ஒரு பெரிய துண்டை எடுத்து எலும்பிலிருந்து உரித்தார். நாராகப் பிய்த்து மசூதின் பக்கம் தள்ளினார். அடுத்த துண்டைப் பிய்த்து, யார் எவர் என்று கேட்காமல், ஆவுடையப்பனின் பக்கம் தள்ளினார்.

"கறி ஆறுது. தின்னும்யா."

ஆவுடையப்பன் தன் பக்கம் வந்து விழுந்த கறியையே பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளித்தாய் போன பிறகு அவர் தட்டில் இன்னொருவர் எதையும் எடுத்து வைத்ததில்லை. கரண்டியைச் சரியாகப் பிடிக்க முடியாமல் இடது கை நடுங்கியது. யாரும் அதைத் தப்பாக நினைக்க மாட்டார்கள், பழகாத கைதானே என்று எண்ணிக்கொண்டு, குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.